நடை ரோந்தா, கூட்டமா, வாட்ஸ்அப் குழுவா?

மக்களை நெருங்க நினைக்கும் காவல் துறை முதலில் கூட்டம் போடத்தான் பார்க்கிறது. செலவு குறைவு, ஒரே மாலையில் வேலை முடியும். ஆனால் ஆள் ஒதுக்க முடிந்தால் முதலிடம் நடை ரோந்துக்குத்தான்.

அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1978-79இல் நடந்த சோதனையில் நடை ரோந்தால் குற்றம் குறையவில்லை. மக்களின் அச்சம்தான் குறைந்தது. பிலடெல்பியாவில் 2009இல், வன்முறை மிகுந்த 60 சிறு பகுதிகளில் மட்டும் இருவர் இருவராக நடக்கவிட்டார்கள். ரோந்து இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டால் வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது. ரோந்தை நிறுத்தியதும் அந்தப் பலன் கரைந்துவிட்டது. பந்தோபஸ்து வந்தால் முதலில் பிடுங்கப்படுவது, பீட் எனப்படும் ஒரு குறிப்பிட்ட பகுதியில் ரோந்து போகும் காவலர்தான். இந்த முறை சறுக்குவதும் அங்கேதான்.

நடந்தால் மட்டும் போதாது. கடைக்காரரிடம் “நேத்து ஏதாவது நடந்ததா?” என்றால் “ஒண்ணுமில்லைங்க” என்றுதான் பதில் வரும். “இந்த விளக்கு எத்தனை நாளா எரியலை?” என்று கேட்டால், அந்த இருட்டில் யார் நிற்கிறார்கள் என்பதுவரை சொல்வார். குறிப்பேட்டில் நான்கு கட்டம் வேண்டும்: சொன்னது என்ன, யாருக்கு அனுப்பியது, எப்போது பதில் சொல்வது, சொல்லியாயிற்றா. நான்காவது காலியாகவே கிடந்தால் அடுத்த மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சிகாகோவில் 1993இல் தொடங்கிய திட்டம் பீட் வாரியாகக் கூட்டம் நடத்தியது. கூட்டத்தின் நோய், அதே பத்துப் பேர் திரும்பத் திரும்ப வருவது. இளைஞர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வருவதில்லை. இடத்தை ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு மாற்றுங்கள். மேடை வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முதல் 10 நிமிடம் போன கூட்டத்துக் குறைகள் என்னவாயின என்பதற்கு, அடுத்த 40 நிமிடம் மக்கள் பேச, கடைசி 10 நிமிடம் எதை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பதற்கு. அதிகாரி பேச்சு நீண்டால் மக்கள் நேரம்தான் குறையும்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும். எல்லோரும் பதிவிடலாம் என்று விட்டால், யாரோ ஒருவரின் படம் ‘திருடன்’ என்று சுற்றி, அவர் அடிபடும் நிலை வரும். புகாருக்குத் தனி எண் கொடுங்கள்.

காவலர்களுக்கு உதவும் தன்னார்வலர் குழுவில் எனக்குத் தயக்கம் உண்டு. லத்தி, வண்டியை மறிக்கும் உரிமை, ஸ்டேஷனில் கைதிகளின் அருகே இருப்பது, மூன்றையும் எழுத்தில் தடை செய்யாமல் தொடங்கவே கூடாது.

ஆள் பற்றாக்குறையா? இருவரை ஆறு மாதம் மாற்றாமல் ஒரே பகுதியில் நடக்கவிடுங்கள். அவர்கள் குறிப்பேட்டில் தீர்ந்துபோன மூன்று குறைகள் சேர்ந்த பிறகு முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள்.