பாரிஷ் பதிவேடா, சேப்பல் பதிவேடா?

இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு விலகி நின்ற மூதாதையரைத் தேடுகிறீர்களா? திருமணத்துக்கு பாரிஷ் பதிவேடுதான், அதாவது அந்தத் திருச்சபையின் உள்ளூர் ஆலய ஏடு. 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் (விலகி நின்ற ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) யூதர்களும் தவிர யாராக இருந்தாலும் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில் மணமுடித்தால்தான் சட்டப்படி செல்லும்.

ஞானஸ்நானம் என்றால் நான் சேப்பல் (விலகி நின்றவர்களின் வழிபாட்டுக் கூடம்) பக்கம்தான். 1813 முதல் வந்த பாரிஷ் படிவத்தில் தந்தையின் தொழிலுக்கு இடமுண்டு; தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருக்கு இல்லை. சேப்பல் ஏடுகளில் அது பலமுறை கிடைக்கும். விலகி நின்றவர்களுக்காக லண்டன் டாக்டர் வில்லியம்ஸ் நூலகத்தில் 1837 வரை நடந்த பிறப்புப் பதிவிலோ தாய்வழித் தாத்தா, பாட்டி பெயர்கூட இருக்கும். எவ்வளவு பெரிய கொடை! பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அவர்களுக்குப் பிறப்புப் பதிவைத்தான் தேட வேண்டும். அப்புறம், இந்த சேப்பல் ஏடுகளில் பெரும்பகுதி லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.