பிஎல்/பைத்தான்: உள்ளே கணக்குப் போட அருமை, வெளியே தூது அனுப்ப ஆகாது

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே பைத்தான் எழுத விடும் பிஎல்/பைத்தானை இரண்டு வருடமாக வேலையில் பயன்படுத்துகிறேன். ஒரு வேலையில் எங்களுக்குப் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தியது, இன்னொன்றில் பட்டப்பகலில் பில்லிங்கையே நிறுத்தியது.

நல்லது முதலில். பழைய மென்பொருளிலிருந்து எங்களுக்கு வந்த வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாமல் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இதை யூனிகோடுக்கு மாற்ற பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரி தயாராகவே இருக்கிறது. அதையே எஸ்க்யூஎல்லில் ரீப்ளேஸ் மேல் ரீப்ளேஸ் போட்டு எழுத உட்கார்ந்தால், பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால் வரும், அந்த ஒரு விஷயத்திலேயே நாள் போய்விடும். நாங்கள் பிஎல்/பைத்தான் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, லைப்ரரியை இம்போர்ட் செய்யும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, சாதாரண அப்டேட்டில் அதைக் கூப்பிட்டோம். தரவை வெளியே எடுத்து, மாற்றி, மறுபடி ஏற்றும் அலைச்சல் கிடையாது, தப்பாகத் தெரிந்தால் ரோல்பேக் போட்டு, அதாவது செய்த மாற்றத்தை ரத்து செய்து, திரும்பவும் ஓட்டலாம். இந்த மாதிரி வேலைக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எக்ஸ்டென்ஷனின் பெயரைக் கவனியுங்கள், பிஎல்பைத்தான்3யு. கடைசியில் இருக்கும் அந்த 'யு' நம்பகமற்றது என்பதற்கான அடையாளம். பைத்தானைக் கூண்டுக்குள் அடைத்து ஓட்ட வழியில்லை, அதனால் உள்ளே எழுதும் நிரல் சர்வரில் போஸ்ட்கிரஸ் பயனருக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையோடும் ஓடும், கோப்புகளைப் படிக்கலாம், அழிக்கலாம், நெட்வொர்க்கில் யாரிடமும் பேசலாம். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் மட்டுமே இதில் ஃபங்ஷன் உருவாக்க முடியும் என்று வைத்திருப்பது அதனால்தான், அந்த உரிமையை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது எங்கள் தவறு. ஆர்டர் பதிவானதும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகட்டும் என்று, டேபிளில் வரி சேரும்போது தானாக ஓடும் டிரிக்கருக்குள்ளேயே எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு வெளி ஏபிஐயைக் கூப்பிட்டோம். இவ்வளவு நேரத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடு என்ற டைம்அவுட் வைக்கவில்லை. சில மாதம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் ஒரு நாள் அந்தப் பக்கம் பதில் வருவது நின்றது. டிரிக்கர் காத்திருந்தால், மொத்தமாக முடியவேண்டிய அல்லது மொத்தமாக ரத்தாகவேண்டிய டிரான்ஸாக்‌ஷன் காத்திருக்கும், அது பிடித்திருந்த ஸ்டாக் டேபிள் வரிகளின் பூட்டு விடாது, அதே பொருளை விற்க வந்த மற்ற பில்களும் பின்னாலேயே நின்றன. சரி, கேன்சல் செய்யலாம் என்று பார்த்தால் ஓடும் கட்டளையை நிறுத்தும் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் எடுபடவில்லை! நிறுத்தச் சொல்லும் கொடியை போஸ்ட்கிரஸ் தன் நிரல் ஓடும்போதுதான் பார்க்கும், கட்டுப்பாடு பைத்தானிடம் சிக்கியிருக்கும்வரை அந்தக் கொடி சும்மா நிற்கும். இணைப்பையே துண்டிக்கும் டெர்மினேட்டுக்கும், கட்டளைக்கு நேர வரம்பு போடும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டுக்கும் அதே கதிதான். பொறுமை இழந்து ஒருவர், ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் -9 அடித்தார். ஒரு ப்ராசஸ் அப்படிச் செத்தால் ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்து ரிக்கவரிக்குப் போகும். போனது. தயவுசெய்து அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

இன்னொரு கோளாறு பிறகுதான் தெரிந்தது. ரோல்பேக் ஆன ஆர்டர்களுக்கும் எஸ்எம்எஸ் போயிருந்தது. டேட்டாபேஸ் தன் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், போன செய்தியை எப்படி எடுக்கும்?

இப்போது டிரிக்கர் ஒரு டேபிளில் ஒரு வரி மட்டும் எழுதுகிறது. தனியாக ஓடும் ஒரு நிரல் அதைப் படித்து, போஸ்ட்கிரஸ் 9.5 பதிப்பில் வந்த, பூட்டியிருக்கும் வரிகளைத் தாண்டிப்போகும் ஸ்கிப் லாக்ட் உதவியோடு ஒவ்வொன்றாக எடுத்து அனுப்புகிறது. ரோல்பேக் ஆனால் அந்த வரியும் சேர்ந்தே மறையும். எஸ்எம்எஸ் தாமதமாகலாம், பில் நிற்காது.

ஆரக்கிளில் வெளி நிரலைக் கூப்பிட எக்ஸ்ட்ப்ராக் என்ற வசதி உண்டு, வெளி நிரல் தனி ப்ராசஸில் ஓடுவதால் அது கவிழ்ந்தாலும் டேட்டாபேஸ் கவிழாது, ஆனால் அமைப்பது கொஞ்சம் பாடு. எஸ்க்யூஎல் சர்வரில் 2005 முதல், டாட்நெட் நிரலை உள்ளேயே ஓட்டும் சிஎல்ஆர் இருக்கிறது, 2017 பதிப்பில் பாதுகாப்பை இன்னும் இறுக்கினார்கள். எதில் எழுதினாலும் டிரான்ஸாக்‌ஷன் நடுவே வெளியே பேசினால் பூட்டு பிடித்திருப்பதும் ரோல்பேக் சிக்கலும் வரத்தான் செய்யும்.

பிஎல்/பைத்தானைச் சேர்க்கும் முன் இரண்டு விஷயம். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பைத்தான் இன்டர்ப்ரெட்டர் எழும், தரவு அலசும் பான்டாஸ் மாதிரிப் பெரிய லைப்ரரியை இம்போர்ட் செய்தால் இணைப்புக்கு ஒரு முறை அந்த மெமரி போகும், நூறு இணைப்பு என்றால் நூறு முறை. அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இந்த எக்ஸ்டென்ஷன் கிடையாது, கிளவுடுக்கு நகரும் எண்ணம் இருந்தால் பாமினி மாற்றுவது போன்ற வேலைகளை எல்லாம் முன்னாடியே முடித்துவிடுங்கள்.