வாய்க்குச்சியா, குரலா, தலையா, கண்ணா? கை ஏலாத ஆளுக்கு போன், லேப்டாப் பாவிக்க எது சரி

இந்த சாமானுகளை ஒப்பிடேக்க எல்லாரும் விலையையும் ஸ்பீடையும்தான் பாக்கிறாங்க, நான் பாக்கிறது வேற. காலமை அம்மா எல்லாத்தையும் செட் பண்ணிப் போட்டு குசினிக்குப் போனாப் பிறகு "அம்மா ஒருக்கா வாங்கோ" எண்டு கூப்பிடாம எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கலாம், அதுக்குத்தான் நான் மார்க்ஸ் போடுறது. எனக்கு காயம் முள்ளந்தண்டு நரம்பில, சி-4, அதாவது கழுத்தில மேல இருந்து நாலாவது மட்டம், தோளை உசத்தலாம், கழுத்து நல்லா திரும்பும், கை ரெண்டும் வேலை இல்லை. அதுக்குக் கீழ சி-5, சி-6ல காயம்பட்ட ஆக்களுக்கு முழங்கையாவது மடியும், அவங்க உள்ளங்கையில பட்டி கட்டி அதுக்குள்ள ஸ்டைலஸை செருகினாலே போனைத் தட்டலாம், கீழ எழுதியிருக்கிறதில பாதி அவங்களுக்குத் தேவைப்படாது.

முதல்ல குரல், ஏனெண்டா அது சும்மா கிடைக்குது. ஐபோன்ல வாய்ஸ் கன்ட்ரோல் 2019ல ஐஓஎஸ் 13ஓட வந்தது, ஆண்ட்ராய்டுக்கு வாய்ஸ் அக்சஸ். 'ஷோ நம்பர்ஸ்' எண்டு சொன்னா ஸ்கிரீன்ல இருக்கிற பட்டனுகளுக்கு நம்பர் விழும், நம்பரைச் சொன்னா அது அமத்துப்படும், நம்பர் விழாத இடத்துக்கு 'ஷோ கிரிட்', ஸ்கிரீனை நம்பர் போட்ட கட்டம் கட்டமாப் பிரிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐபோனுக்கு கட்டளையை தமிழில குடுக்கேலாது, இங்கிலீஷ்லதான் சொல்லோணும், அதுவும் மெல்ல, தெளிவா. தமிழில மெசேஜ் எழுதுறதுக்கு கூகுள்ட கீபோர்டான ஜிபோர்டுல வாய்ஸ் டைப்பிங் இருக்கு, மொழி தெரிவில இலங்கைத் தமிழ் எண்டே தனியா ஒண்டு இருக்கு, 2017ல இருந்து கூகுள் தமிழைக் கேட்டு எழுதுது, பரவாயில்லை. ஆக, போனோட கதைக்க இங்கிலீஷ், மாமியோட கதைக்க தமிழ்.

கொழும்பு வெள்ளவத்தையில கடல் பக்கம் வீடெண்டா இன்னொரு பிரச்சினை, ஜன்னலைத் திறந்தா கோச்சி (ரயில்) சத்தம், மூடினா வெக்கை. கோச்சி ஹோர்ன் அடிச்சா கட்டளை பாதியில போயிடும், பின்னேரம் பாண்காரன்ட த்ரீவீல் மியூசிக்கோட வந்தா அவர் அடுத்த லேனுக்குப் போகும்வரைக்கும் நான் வாய் மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதோட ரகசியம் எண்டு ஒண்டு இல்லை, பேங்க் பின் நம்பரைக்கூட வீட்டுக்கு வந்த சொந்தக்காரருக்கு முன்னால உரத்துச் சொல்ல ஏலுமே?

மூச்சு விஷயத்தை விக்கிறவங்க ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எங்கட லெவல்ல நெஞ்சுத் தசை வேலை செய்யாது, மூச்சு கிட்டத்தட்ட முழுக்க உதரவிதானத்திலதான், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில இருக்கிற தசையில. நிமிந்து இருந்தா வயிறு முன்னுக்குச் சரிஞ்சு உதரவிதானத்தை கீழ இழுத்துப்போடும், மூச்சு குறைஞ்சு குரலும் இறங்கும், படுத்தா கூடும், மத்தாக்களுக்கு இது தலைகீழ். அதால கதிரையில இருக்கேக்க வயித்துப் பெல்ட் கட்டினாத்தான் எனக்குக் குரல் எடுபடும், கட்டிலில படுத்துக்கொண்டு சொன்னா போனுக்கு உடன விளங்கும்.

வாய்க்குச்சி எண்டா வாயில கடிச்சுக்கொண்டு நுனியால ஸ்கிரீனைத் தட்டுற குச்சி, அதை பழசு எண்டு நக்கலடிக்கிறாங்க. அதுக்கு சார்ஜ் வேண்டாம், கணக்கு வேண்டாம், அப்டேட் வந்து குழப்பாது, 2022ல பதிமூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்பவும் அது வேலை செய்யும். ஆனா ஒரு விஷயம் கவனிக்கோணும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில மலிவா வாங்குற ரப்பர் நுனி ஸ்டைலஸ் கையால பிடிச்சாத்தான் வேலை செய்யும், ஏனெண்டா டச் ஸ்கிரீனுக்கு எங்கட உடம்போட மின் தொடர்பு வேணும். வாயில கடிக்கிற பக்கம் பிளாஸ்டிக்கோ ரப்பரோ சுத்தினா அந்தத் தொடர்பு அறுந்துடும், நீங்க தட்டிக்கொண்டே இருப்பீங்க, போன் அசையாது. நுனியில இருந்து உதட்டில படுற மாதிரி அலுமினியம் ஃபாயில் ஒரு கீலம் ஒட்டினா சரி, இல்லாட்டி பேட்டரி போடுற ஸ்டைலஸ் எடுக்கோணும். கடிக்கிற பகுதியை பல் டொக்டரிட்ட அச்செடுத்து கடைவாய்ப் பல்லு வரைக்கும் பாரம் பரவுற மாதிரி செய்விச்சா நல்லது, வெறும் குச்சியை நாள்கணக்கா முன்பல்லால கடிச்சா பல்லு அசையத் தொடங்கும். விழுந்தா? அம்மாதான். திரும்ப வாயால எடுக்கிற மாதிரி பக்கத்தில ஒரு கப் பூட்டி வச்சா அந்தக் கூப்பிடுகை பாதியாக் குறையும்.

எனக்குப் பிடிச்சது தலை மவுஸ். லேப்டாப்பும் சாதாரண வெப்கேமும் இருந்தாப் போதும், ஈவியாகேம் எண்டு ஒரு இலவச சொஃப்ட்வேர், விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும், முகம் அசைஞ்ச பக்கம் அம்புக்குறி போகும், ஒரு இடத்தில கொஞ்சம் நிப்பாட்டி வச்சா கிளிக். சத்தமில்லை, தமிழ் ஒன்ஸ்கிரீன் கீபோர்டில எழுத்து எழுத்தா நானே எழுதுவன், ஆரும் கேக்க மாட்டாங்க. வெளிச்சம் முன்னால இருந்து வரோணும், முதுகுக்குப் பின்னால ஜன்னல் இருந்தா முகம் கறுத்துப்போய் அம்பு துள்ளும். கழுத்து நோகும், அது உண்மை, பின்னேரத்துக்கு மேல நான் பாவிக்கிறேல்ல. முகத்தில நுளம்பு இருந்தா என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்கோ.

கண்ணுக்கு இப்ப நல்ல விளம்பரம். 2024ல ஐஓஎஸ் 18ஓட ஐபோன் 12ல இருந்து வந்ததுகளுக்கு முன் கேமராவாலேயே கண் அசைவைப் பிடிக்கிற வசதி வந்தது, தனியா ஒண்டும் வாங்கத் தேவையில்லை. போன் அசையாம ஒண்டரை அடி தூரத்தில நிக்கோணும். எனக்கோ படுக்கைப்புண் வராம இருக்க காத்து மெத்தை, பம்ப் மாறி மாறி காத்தடிக்க உடம்பு மெல்ல ஏறி இறங்கும், புள்ளியைப் பாத்துப் பாத்து செட் பண்ணினது கொஞ்ச நேரத்தில பிசகிடும். தலை மவுஸ் எவ்வளவு அசைஞ்சம் எண்டுதான் பாக்குது, பிசகினா அம்பை ஓரத்துக்குத் தள்ளி நானே சரிக்கட்டலாம், கண்ணைப் பிடிக்கிற கேமரா, கண் எங்க பாக்குது எண்டு இடத்தையே கணக்குப் பண்ணுறதால அதில அப்படி ஏலாது. கழுத்தே அசையாத சி-1, சி-2 ஆக்களுக்கு கண்தான் வழி, அவங்களுக்கு அகச்சிவப்புக் கதிர் பாவிக்கிற தனி மெஷின் நல்லது, ஆனா விலை லட்சக்கணக்கில. இங்க ஆர் திருத்துவாங்க எண்டு கேட்டுப்போட்டு காசைக் குடுங்கோ.

இவ்வளவு குறை சொல்லியும் குரலை நான் ஓஃப் பண்ணுறேல்ல. டி-6லயோ (நெஞ்சு மட்டத்தில ஆறாவது) அதுக்கு மேலயோ காயம்பட்ட ஆக்களுக்கு மூத்திர டியூப் அடைச்சா ரத்தப் பிரஷர் எகிறும், தலை வெடிக்கிற மாதிரி இடிக்கும், வேர்க்கும், உடன நிமித்தி இருத்தி டியூபைப் பாக்கோணும். அந்த நேரத்தில அம்பைத் தேடிக்கொண்டு இருக்கேலாது, 'ஹே சிரி, கால் அம்மா', அவ்வளவுதான். அதால படுக்கேக்க குரல், கதிரையில தலை மவுஸ், கரண்ட் இல்லாட்டி குச்சி. இப்பத்தான் காசு செலவழிக்கப் போறீங்களெண்டா முதல்ல நல்ல ஸ்டாண்ட் ஒண்டு வாங்குங்கோ, வளையுற கழுத்து உள்ள மலிவு ஸ்டாண்ட் போன் பாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா மூக்கில வந்து இடிக்கும், மூட்டில ஸ்க்ரூ இறுக்குறதா பாத்து கட்டில் கம்பியில பூட்டுங்கோ.