கிருபையை மறுக்க முடியுமா? கால்வினும் ஆர்மீனியஸும்

சீர்திருத்தச் சபைத் தலைவர் ஜான் கால்வின், அவருக்குப் பின் வந்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸ் ஆகிய இருவரின் வழியினரும், கிருபையை, அதாவது கடவுள் இலவசமாகத் தரும் அருளை, மனிதன் மறுக்க முடியுமா என்பதில் பிரிகிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். மனிதன் தன் நற்செயல்களால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது, கிருபைதான் முதலில் வர வேண்டும். ஆர்மீனியஸ் வழியினர் 'சொந்த முயற்சியால் மீட்பு' என்கிறார்கள் என்பது அவர்கள்மேல் அடிக்கடி சுமத்தப்படும் பழி.

சரி, பிரிவது எங்கே? கால்வின் மரபில், கடவுள் யாரைத் தெரிந்துகொண்டாரோ அவர்களிடம் கிருபை தோற்காது. இறந்த உள்ளத்தை அதுவே உயிர்ப்பித்து, விசுவாசத்தையும் அதுவே தருகிறது. ஆர்மீனியஸ் மரபிலோ கிருபை எல்லோரையும் தேடி வந்து, பதில் சொல்லும் திறனைத் தருகிறது. ஆனால் கட்டாயப்படுத்துவதில்லை, மறுக்கலாம். நீட்டிய பரிசை வாங்கிக்கொள்வது அதற்கு விலை கொடுப்பதாகாது என்பது இவர்கள் வாதம்.

1610இல் ஆர்மீனியஸின் சீடர்கள் ஐந்து கருத்துகளை முன்வைத்தார்கள். 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைப் பேரவையான டார்ட் சங்கம் அவற்றை நிராகரித்தது. பிற்காலத்தில் ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி வழியாக, மெதடிஸ்ட் சபைகளில் அதே சிந்தனை வேரூன்றியது.

ஆறுதல் என்று பார்த்தால் கால்வின் பக்கம் உறுதியானது: பிடித்திருப்பது கடவுளின் கை, என் கை அல்ல. ஆனால் தெரிந்துகொள்ளப்படாதவர்களின் கதி என்ன? எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே கடவுளின் சித்தம் என்கிறது 1 தீமோத்தேயு 2:4. அங்கே 'எல்லா' என்பதை 'எல்லா வகை மனிதர்' என்று கால்வினியர் சுருக்குவது எனக்கு இழுத்துப் பிடித்த விளக்கமாகவே படுகிறது. பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருவனும் என்னிடம் வர முடியாது என்று இயேசு சொல்லும் யோவான் 6:44இல் ஆர்மீனியஸ் வழியினருக்கும் அதே திண்டாட்டம்தான்.