லேன் அடாப்டர் காணோமா? ரிமோட்டில் சரிசெய்கிறேன் என்பவனுக்கு 4,500 அழாதீர்கள்

போனது போனதுதான், விட்டுத்தள்ளு என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு ஆறவில்லை. 4,500! அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்தச் சேவை என்று பெயர் போடப்போவதில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பான்கள். வகையைச் சொல்கிறேன், அது போதும்: "உங்கள் கம்ப்யூட்டரை நீங்கள் இருக்கும் இடத்திலேயே சரிசெய்து தருகிறோம்" என்று தேடல் முடிவுகளுக்கு மேலே விளம்பரமாக வந்து நிற்கிற ரிமோட் சப்போர்ட் ஆட்கள். லேன் அடாப்டர், அதாவது நெட் கேபிளை மாட்டுகிற கம்ப்யூட்டர் பாகம் (லேன் கார்டு என்பதும் அதுதான்), காணாமல் போனால் நாமே என்னென்ன பார்க்கலாம் என்பதையும் கடைசியில் வரிசையாக, விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

வீட்டு டெஸ்க்டாப். அதில் வைஃபை கிடையாது, ரவுட்டரிலிருந்து கேபிள்தான். காலையில் ஆன் செய்தேன், நெட் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், வேறு கேபிள் போட்டேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன்: கேபிள் கழன்றிருந்தாலும் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் 'ஈத்தர்நெட்' ஐகான் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். எனக்கு ஐகானே இல்லை. கம்ப்யூட்டரின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதைத் திறந்தால் வேறு என்னென்னவோ பெயர்கள் இருக்கின்றன, என் லேன் கார்டின் பெயரைக் காணோம். கேபிளோ ரவுட்டரோ கெட்டால் நெட்தான் போகும், அடாப்டர் இப்படி அடியோடு மறையாது.

மாலைக்குள் அனுப்ப வேண்டிய ஆபீஸ் வேலை இருந்தது. போனில் தேடினேன். முதலில் வந்த எண்ணுக்கு அடித்தேன்.

நம்பவைத்த விதம்தான் இன்னும் எரிகிறது. எடுத்த ஆள் அவசரப்படுத்தவில்லை, பயமுறுத்தவில்லை. பொறுமையாக, நல்ல தமிழில் பேசினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மேடம், முதல்ல திறந்து வெச்சிருக்கிற ஃபைலை எல்லாம் சேவ் பண்ணிடுங்க. வேலை முக்கியம், அப்புறம்தான் மத்தது" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. பணம் பிடுங்க வந்தவன் என் ஃபைலைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான்? "ஆய்வுக் கட்டணம் 1,500. சரியாகலைன்னா முழுப் பணமும் ரிட்டர்ன். நான் மவுஸை நகர்த்தும்போது நீங்க பார்த்துக்கிட்டே இருக்கலாம்." கட்டினேன்.

நெட் இல்லாமல் ரிமோட்டில் எப்படி வருவீர்கள் என்று நானேதான் கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடச் சொன்னார், அதாவது போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது. போட்டேன், நெட் வந்தது. ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, திரையில் வந்த எண்ணைச் சொன்னேன். கர்சர் தானாக நகர ஆரம்பித்தது.

முதலில் ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தனக்குள் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு. சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான வரிகள். "பாருங்க மேடம், எவ்வளவு எரர்!" 10016 என்ற எண் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இன்றைக்குத் தேடிப் படித்தேன்: 10016-ஐக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அந்தப் பட்டியல் நிறையத்தான் இருக்கும்.

அடுத்து டிவைஸ் மேனேஜர். வேன் மினிபோர்ட் என்று தொடங்கும் வரிகள் ஏழெட்டு. "இதெல்லாம் நீங்க போட்டதா மேடம்? இல்லையே? வெளியிலிருந்து வந்த கனெக்‌ஷன்." இதுவும் பச்சைப் பொய். அவை விண்டோஸே தன்னோடு கொண்டு வருபவை, விபிஎன், டயல்-அப் மாதிரியான இணைப்புகளுக்காக எல்லோர் கம்ப்யூட்டரிலும் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழே 'ரிமோட் என்டிஐஎஸ்' என்று தொடங்கும் ஒரு வரி. கர்சரை அதன்மேல் வட்டமடித்தார். "ரிமோட்னு போட்டிருக்கு பார்த்தீங்களா? யாரோ உள்ள இருக்காங்க. இதுதான் உங்க லேன் கார்டைத் தள்ளிவிட்டிருக்கு."

அது என் போன்! யூஎஸ்பி டெதரிங் போட்டால் விண்டோஸ் போனை அந்தப் பெயரில்தான் காட்டும். இணைக்கச் சொன்னதே அந்த ஆள்தான். அவர் போடச் சொன்ன இணைப்பையே காட்டி, திருடன் புகுந்துவிட்டான் என்கிறார். அப்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இப்போது நினைத்தால் அந்தத் துணிச்சலுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

"டிரைவர் பேக் போட்டு கிளீன் பண்ணணும், 3,000" என்றார். டிரைவர் என்பது ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்குவதற்கான சாஃப்ட்வேர். 1,500 ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, வேலை பாதியில் நிற்கிறது. கட்டினேன். ஆக 4,500. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகள் அடித்தார். விண்சாக் ரீசெட், டிஎன்எஸ் ஃபிளஷ். இருக்கிற இணைப்பு தடுமாறினால் இவை உதவலாம். இல்லாத கார்டை இவை எப்படி வரவழைக்கும்?

அடுத்து செய்ததுதான் கொடுமை. வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' போட்டார். என் லேன் கார்டின் பெயர் மங்கலாக வந்தது. அதைத் திறந்தால் 'இந்த ஹார்டுவேர் தற்போது கம்ப்யூட்டருடன் இணைக்கப்படவில்லை, கோட் 45' என்று இருந்தது. அதாவது, கார்டு முன்பு இருந்தது, இப்போது விண்டோஸின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பிரச்சினை விண்டோஸுக்குக் கீழே, மின்சாரத்திலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அடிப்படை சாஃப்ட்வேர்) போர்டிலோ இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது. அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? அதன்மேல் வலது கிளிக், அன்இன்ஸ்டால், டிரைவரையும் சேர்த்து அழிக்கும் கட்டத்தில் ஒரு டிக். மங்கலாக இருந்த வரியும் மறைந்தது. "பார்த்தீங்களா மேடம், இப்ப அதுவும் இல்லை. உங்க மதர்போர்டு போயிடுச்சு." வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு, இப்படி ஒரு பையன் இந்த வகுப்பிலேயே இல்லை என்று சாதிக்கிற கதை இது.

போர்டு மாற்ற எங்களிடமே திட்டம் இருக்கிறது, இன்னும் 9,000 ஆகும் என்றார். வேண்டாம், சரியாகவில்லையே, சொன்னபடி 4,500-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்த நொடியில் குரல் மாறியது. "சீனியர் கூப்பிடுவார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எந்த சீனியரும் கூப்பிடவில்லை. நான்தான் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு குரல், வேறு பெயர், மறுபடி முதலிலிருந்து கதை. "டிக்கெட் எண் சொல்லுங்க மேடம்." சொன்னால், "அந்த டிக்கெட் கிளோஸ் ஆகிடுச்சே." யார் மூடியது? "சிஸ்டம் தானா மூடும்." அடுத்தவர், "ஹார்டுவேர் பிரச்சினை எங்க உத்தரவாதத்துல வராது" என்றார். ஹார்டுவேர் என்றால் 3,000 வாங்கி டிரைவர் பேக் எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். லைனில் பாட்டு ஓடியது. இன்னொருவர் இன்னும் கெட்டிக்காரர்: "வேலை முடிஞ்சுதுன்னு சாட்ல நீங்களே ஓகேன்னு டைப் பண்ணியிருக்கீங்க மேடம்." சாட்டைத் திறந்து பார்த்தேன். 'அடுத்த கட்டத்துக்குப் போகலாமா?' என்று அவர்கள் கேட்டதற்கு நான் போட்ட ஓகே அது. கடைசியாகக் கிடைத்த சலுகை: பணம் திரும்ப வராது, அதற்குப் பதில் ஒரு வருடச் சந்தா தருகிறோம், மேலே 1,200 கட்டினால் போதுமாம். 4,500-ஐ வாங்க 1,200!

கம்ப்யூட்டர் எப்படிச் சரியானது என்று கேட்கிறீர்களா? அக்கா பையன் போன் செய்தபோது புலம்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, ஷட்டவுன் பண்ணி பிளக்கைப் பிடுங்கச் சொன்னானா?" இல்லடா என்றேன். "பின்னாடி போய் லேன் போர்ட்டைப் பாருங்க, லைட் எரியுதா?" அணைத்த கம்ப்யூட்டர், விசிறி நின்றுவிட்டது, ஆனால் போர்ட்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷட்டவுன் செய்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக லேன் சிப் அதைக் குடித்துக்கொண்டு விழித்திருக்கும். அந்த நிலையிலேயே சிப் முடங்கிப்போனால் எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் அது எழாது, ஏனென்றால் அதற்கு ஒரு தடவைகூட மின்சாரம் நிற்கவே இல்லை.

பவர் கேபிளைக் கழற்றினேன். லேன் கேபிளையும் எடுத்தேன். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பச்சை விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் விட்டு மாட்டி ஆன் செய்தேன். டிவைஸ் மேனேஜரில் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் 'ஈத்தர்நெட் கண்ட்ரோலர்', மஞ்சள் முக்கோணத்தோடு! கோட் 28, அதாவது டிரைவர் இல்லை. இருந்த டிரைவரை அழித்ததே அந்த மகானுபாவர்தானே. போன் நெட்டிலேயே மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய், மாடல் எண்ணைப் போட்டு, லேன் டிரைவரை இறக்கிப் போட்டேன். வந்துவிட்டது. செத்துப்போனதாகச் சொன்ன போர்டு வழியாகத்தான் இந்தப் பதிவே ஏறுகிறது. செலவு ஒன்றுமில்லை. அதற்கு 4,500.

என் ஆத்திரத்தின் மையம் இதுதான். அடாப்டர் அடியோடு காணாமல் போனால் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு: மின்சாரத்தை முழுக்கத் துண்டிப்பது, பயாஸில் ஆன்போர்டு லேன், அதாவது போர்டிலேயே இருக்கும் லேன் சிப், எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டையுமே ரிமோட்டில் இருப்பவனால் செய்ய முடியாது. பிளக்கைப் பிடுங்க அவனுக்குக் கை எட்டாது. அவனுடைய சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு உள்ளே ஓடுவது, ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குப் போனாலே அவன் கண் அவிந்துவிடும். நேர்மையானவன் என்றால் போனிலேயே "மேடம், பிளக்கைக் கழற்றிப் பாருங்க" என்று சொல்லி வைத்திருப்பான். இவர்களுக்கு அது தெரியாதா என்ன? சொன்னால் 1,500 வராது, 3,000 வராது.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது வங்கிக்கும் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் முக்கியமானது மட்டும்.

கேபிளும் ரவுட்டரும் சரி, அடாப்டரே இல்லை என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வெறும் ஷட்டவுன் கணக்கில் வராது. பிறகு பயாஸ். மஞ்சள் முக்கோணத்தோடு தெரிந்தால் டிரைவர் பிரச்சினை: ப்ராபர்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள், 8086 என்றிருந்தால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். தயாரிப்பாளரின் தளத்தில் மட்டும் இறக்குங்கள், 'டிரைவர் அப்டேட்டர்' என்று வருகிற எதையும் தொடாதீர்கள்.

இதற்குப் பிறகும் வரவில்லை, போர்டிலுள்ள சிப் உண்மையாகவே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. யூஎஸ்பியில் மாட்டுகிற லேன் அடாப்டர் இருக்கிறது, உள்ளே செருகுகிற நெட்வொர்க் கார்டு இருக்கிறது.

ஏற்கெனவே ரிமோட்டில் விட்டுவிட்டவர்கள் அந்த சாஃப்ட்வேரை உடனே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். என்னுடையதில் ஜன்னலை மூடிய பிறகும் அது பின்னணியில் இயங்கும் சர்வீஸ்களின் பட்டியலில் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லாதபோதும் உள்ளே வரும் அனுமதியோடு. பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், போனிலிருந்து மாற்றுங்கள். கார்டில் கட்டியிருந்தால் கார்டையும் முடக்குங்கள்.

நான் முடக்கிவிட்டேன். 4,500-க்கும் வங்கியில் டிஸ்ப்யூட் போட்டாகிவிட்டது. அவர்கள் சாட்சியாகக் காட்டுகிற அந்த ஓகே இருக்கிறதே, அந்த சாட் பக்கத்தை அப்படியே படம் எடுத்து முதல் இணைப்பாக நானே வைத்திருக்கிறேன். ஓகேவுக்கு மேலே அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதும் அதே படத்தில் இருக்கிறது.