கலந்த களைக்கொல்லி: நஞ்சை எந்தக் கணக்கில் அளப்பது?

ஒரே களைக்கொல்லியை இரண்டு குப்பிகளில் ஊற்றி ஒன்றுக்கு 'அ', இன்னொன்றுக்கு 'ஆ' என்று பெயர் ஒட்டிக்கொள்வோம். 'அ' மட்டும் விட்டால் பாசியின் வளர்ச்சி 10% குறைகிறது. 'ஆ' மட்டும் விட்டாலும் அதே 10%. இரண்டையும் சேர்த்து விட்டால் மருந்து இரட்டிப்பாகிறது, அவ்வளவுதான். ஆனால் செறிவு ஏற ஏறச் சட்டென்று வேகம் பிடிக்கிற மருந்தாக இருந்தால் வளர்ச்சி 50% கூடக் குறையும். பலரும் கையில் எடுக்கும் கூட்டுச் சூத்திரமோ 19% என்கிறது. மிச்சமுள்ள 31-ஐ 'இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின' என்று அறிக்கையில் எழுதிவிடுகிறோம். எந்தக் கணக்கைத் தேர்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

அந்த 19%-ஐத் தந்தது தனித்த செயல்பாட்டுக் கணக்கு. 1939-இல் பிளிஸ் என்ற ஆய்வாளர் வகுத்தது. முதல் மருந்துக்குத் தப்பியது 90%, அதில் இரண்டாவதற்குத் தப்புவது 90%, ஆக 81% மிச்சம். இரண்டு மருந்துகளும் வெவ்வேறு வழியில் தாக்குகின்றன என்ற அனுமானம் இதன் அடித்தளம். அது பொய்த்தால் கணக்கும் பொய்க்கும்.

எதிர்முகாமில் இருப்பது செறிவுக் கூட்டல். லோவே என்ற ஆய்வாளர் 1926-லேயே சொன்னது. ஒவ்வொரு மருந்தும் மற்றொன்றின் நீர்த்த வடிவம் என்று இது எடுத்துக்கொள்கிறது. பாதி விளைவைத் தரும் செறிவு ஒன்றுக்கு லிட்டருக்கு 40 மைக்ரோகிராம், தண்ணீரில் இருப்பது 10 என்றால், பத்தை நாற்பதால் வகுத்து அதை 0.25 நச்சு அலகு என்கிறோம். மற்றதற்கு 8, இருப்பது 4 என்றால் 0.5. மொத்தம் 0.75. கூட்டுத்தொகை 1-ஐத் தொட்டால் பாதி விளைவை எதிர்பார்க்கலாம். தனியாக எதுவும் எல்லையைத் தாண்டவில்லையே என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை. எனக்கு இந்தக் கணக்கு பிடிக்க அதுவே முதல் காரணம்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஃபாஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001-இல் ஒரே வழியில் தாக்கும் 18 டிரையசின் களைக்கொல்லிகளைக் கலந்து பாசியில் சோதித்தபோது செறிவுக் கூட்டல் சரியாகக் கணித்தது, தனித்த செயல்பாடு நஞ்சைக் குறைத்துக் காட்டியது. 2003-இல் வெவ்வேறு வழியில் தாக்கும் 16 பொருள்களைக் கலந்தபோது தனித்த செயல்பாடு பொருந்தியது, செறிவுக் கூட்டல் நஞ்சைக் கூட்டிக் காட்டியது. ஒன்று தவறினால் ஆபத்தை மறைக்கிறது, மற்றது தவறினால் எச்சரிக்கையைக் கூட்டுகிறது. தண்ணீரில் வாழும் உயிர்களைக் காக்க வேண்டிய இடத்தில் இவை சமமான தவறுகள் அல்ல.

களை ஆய்வாளர்கள் 1967 முதல் பயன்படுத்தும் கோல்பி சூத்திரமும் பிளிஸின் கணக்கேதான். 40% அழிக்கும் மருந்தும் 30% அழிக்கும் மருந்தும் சேர்ந்தால் 58% எதிர்பார்ப்பு. 75% அழிந்தால் கூடுதல் வலு என்பார்கள். ஆனால் தனித்தனியே 95% அழிக்கும் அளவில் இதைப் போட்டுப் பயனில்லை. அங்கே கூடுதல் வலு தெரிய இடமே இல்லை.

உண்மையான கூடுதல் வலு அரிது. ஆய்வாளர் நீனா செடர்கிரீன் 2014-இல் அலசிய, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி போன்ற மருந்துகளில் இரண்டிரண்டைச் சேர்த்த 194 கலவைகளில் சுமார் 7%-இல்தான் அது தென்பட்டது. தென்படும் இடங்களில் காரணமும் பெரும்பாலும் துலங்கும். மீசோட்ரையோன், அட்ரசின் என்ற இரண்டு களைக்கொல்லிகள் நல்ல உதாரணம். ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் செல்லும் வழியை அட்ரசின் அடைக்கிறது, இலைக்குள் தீங்கான ஆக்சிஜன் பெருகுகிறது. அதைத் தணிக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளை உருவாகவிடாமல் மீசோட்ரையோன் தடுக்கிறது. அட்ரசின் உட்காரும் அதே இடத்துக்குப் போட்டியிடும், எலக்ட்ரானைச் சுமக்கும் பிளாஸ்டோகுவினோன் என்ற மூலக்கூறும் மீசோட்ரையோனால் குறைந்துவிடுவதால் அட்ரசினின் பிடி இன்னும் இறுகுகிறது. எந்தக் கூட்டல் சூத்திரமும் இதை முன்கூட்டிச் சொல்லாது.

இங்கே அளவீடும் ஏமாற்றும். லெம்னா என்ற சின்ன மிதவைச் செடியில் ஏழு நாள் சோதனை நடத்தி இலைகளை மட்டும் எண்ணினால், வெளுத்துப்போன இலையும் ஓர் இலைதான். எண்ணிக்கையோடு பச்சையத்தையும் உலர் எடையையும் அளந்தால்தான் சேதம் தெரியும்.

மூன்றாவது வழி, கலவையை அப்படியே சோதிப்பது. செலவு அதிகம், விகிதம் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். ஆனாலும் இதைத் தவிர்க்க முடியாது. வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு இரண்டு களைக்கொல்லிகளின் சரிபாதிக் கலவை. அதன் கொடிய நஞ்சோ கணக்கில் வராத டையாக்சின் மாசு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியோடு சேர்க்கப்பட்ட பாலிஎத்தாக்சிலேட்டட் டாலோ அமீன் என்ற பரப்பு இழுவிசைக் குறைப்பி, பல நீர்வாழ் உயிர்களுக்குக் கிளைபோசேட்டைவிட நஞ்சு மிக்கது. களைக்கொல்லியின் பெயரை மட்டும் வைத்து நச்சு அலகு போட்டால் இரண்டுமே தப்பிவிடும்.

என்னைக் கேட்டால், ஓடைநீருக்கு முதலில் செறிவுக் கூட்டல். தாக்கும் வழிகள் வேறு என்று பாசியிலோ களையிலோ நிறுவப்பட்டிருந்தால் பக்கத்தில் தனித்த செயல்பாடு, அதுவும் அந்த உயிருக்கு மட்டும். செடியில் தாக்கும் வழியை வைத்து மீனுக்கும் தவளைக்கும் முடிவு சொல்லக் கூடாது, அவற்றுக்கு ஒளிச்சேர்க்கையே கிடையாது. குப்பியில் விற்கும் தயாரிப்புக்குக் கலவைச் சோதனை கட்டாயம். 'வலுப்படுத்தின' என்று எழுதுவதற்கு முன் செறிவு ஏற ஏற விளைவு எப்படி மாறுகிறது என்று காட்டும் முழு வளைவை ஒவ்வொரு மருந்துக்கும் வரைந்து, முதலில் சொன்ன இரட்டைக் குப்பிச் சோதனையையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.