மொட்டைப் பூனையோடு ராயபுரத்தில் குடித்தனம்

முடியில்லாத பூனை வளர்த்தால் வேலை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். சோபாவில் முடி ஒட்டாது, சேலையில் ஒட்டாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் முடி இத்தனை காலமும் பார்த்துவந்த வேலையை வேறு யாராவது பார்த்தாக வேண்டுமே. எங்கள் வீட்டில் அது என் தலையில் விழுந்தது.

எங்களிடம் இருப்பது டான்ஸ்கோய் இனம், பெயர் மீஷா. அக்கா மகள் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பும்போது கூடவே அழைத்துவந்தாள். "சித்தி, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுப்போனாள். அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடிந்தபாடில்லை.

இந்த இனம் உருவானதும் அதே ரஸ்தோவில்தான். 1987இல் எலெனா கோவலேவா என்ற பெண்மணி, தெருப் பையன்கள் படுத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டைக் குட்டியை மீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். வர்வாரா என்ற அந்தக் குட்டிக்குச் சில மாதங்களில் முடி கொட்ட ஆரம்பித்தது. தோல் நோய் என்று வைத்தியம் பார்த்தும் பலனில்லை. பின்னால் அது போட்ட குட்டிக்கும் முடி கொட்டியபோதுதான் இது நோயல்ல, பிறவிக் குணம் என்று புரிந்தது. இரினா நெமிகினா அதைத் தனி இனமாக வளர்த்தெடுத்தார்.

மீஷாவைப் பார்க்கும் விவரமானவர்கள் 'ஸ்பிங்க்ஸா?' என்று கேட்பார்கள். ஸ்பிங்க்ஸ் வேறொரு மொட்டைப் பூனை இனம், 1966இல் கனடாவின் டொராண்டோவில் பிறந்த குட்டியிலிருந்து தொடங்கிய கதை. அதன் மரபணு ஒடுங்கு வகை. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் மொட்டை. டான்ஸ்கோயின் மரபணு ஓங்கு வகை. ஒரு பக்கம் வந்தாலே போதும். மீஷாவுக்குக் கருத்தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பெட்டைப் பூனைகளுக்கா பஞ்சம்? விட்டிருந்தால் காசிமேட்டில் மொட்டைக் குட்டிகள் கும்பலாகத் திரிந்திருக்கும்.

இனி அன்றாடப் பாட்டுக்கு வருகிறேன். பூனையின் தோலில் ஊறும் எண்ணெய், சாதாரணமாக முடியில் பரவிவிடும். முடி இல்லாவிட்டால் அது தோலிலேயே தங்கும். அதில் எங்கள் தெருவின் தூசியும், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கழுத்து மடிப்பை விரித்து வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கருப்பாக ஒரு கோடு விழும். பாதத்தை லேசாக அழுத்தினால் நகம் வெளியே வரும். அதன் வேரைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் மெழுகு போல அழுக்கு அப்பியிருக்கும். ஈரப் பஞ்சால் ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டும். காதிலும் முடி இல்லாததால் குரும்பி சீக்கிரம் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே வாரம் ஒரு குளியல், வெதுவெதுப்பான நீரில். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் பூனையைக் குளிப்பாட்டுவதை வாசலில் வைத்துச் செய்துவிட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறேன். அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவச் சொல்வார். ஏற்கெனவே எண்ணெய் வழியும் தோலில் இன்னும் எண்ணெயா?

குளியலைவிடப் பெரிய தொல்லை கொசு. முடியுள்ள பூனைக்குக் காதும் மூக்கும்தான் கொசுவுக்கு அகப்படும். மீஷாவுக்கோ உடம்பு முழுக்கத் திறந்த வாசல். மழைக்காலத்தில் முதுகெல்லாம் தடிப்பாகிவிடும். அதற்காகக் கண்ட மருந்தையும் பூசிவிடாதீர்கள். நாய்களின் உண்ணிக்கு விற்கும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும். கொசுவர்த்தியையும் நிறுத்திவிட்டு எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தோம். இதனால் வீட்டில் மனிதர்களும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

சென்னை வெக்கை தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிழலில் இருக்கும்வரை மீஷாவுக்கு நம் வெக்கை பிடித்தேயிருக்கிறது. ஏசி போட்டால்தான் எழுந்துபோய் ஸ்டெபிலைசர் மேல் சுருண்டுகொள்கிறது. ஆனால் மொட்டைமாடி வெயில் ஆகாது, தோல் வெந்துவிடும். மார்கழியில் பழைய பனியன் ஒன்றை வெட்டிப் போட்டுவிடுகிறேன். உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறுவதால் பசி அதிகம். வேகவைத்து முள் எடுத்த சங்கரா மீனை வைத்தால் தட்டையே நகர்த்திக்கொண்டு போகும்.

அலர்ஜிக்காக இதைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தும்மலைக் கிளப்பும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் இருக்கிறது. முடி போனதால் அது போய்விடாது. என் மைத்துனர் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் கைக்குட்டையை எடுத்துவிடுகிறார்.

குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒட்டுதல்தான் கொஞ்சம் கூடுதல். சமைக்கும்போது காலடியில், தூங்கும்போது போர்வைக்குள். ஒரு நாள் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாப்பாட்டைத் தொடாமல் கத்துகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா முறையிடுகிறார். அதனால், வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் விலையைப் பற்றிப் பேசும் முன் பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள் என்று கேட்கிறேன். கணவனும் மனைவியும் காலையில் மின்சார ரயிலேறி இரவில் திரும்புகிற வீடென்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.